படுக்க வைத்த தகடுகள்

எரிந்துபோன மோட்டாரைச் சரிசெய்து தருகிறேன் என்று வாங்கி, அது மறுபடி எரியும்படி கட்டிக் கொடுத்தவன் நான். ஒருமுறை செய்திருந்தால் தவறு என்று விட்டுவிடலாம். இரண்டு முறை செய்தேன். இரண்டாவது முறை அதே தவறை இன்னும் சுத்தமாக, வார்னிஷ் பளபளக்கச் செய்தேன். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால், அதுவரை என்னை ஏதோ பெரிய ஆள் என்று நம்பிப் படித்தவர்களுக்கு வருத்தமாக இருக்கும்.

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில், முப்பது வருஷம் மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்தினேன். இப்போது கண் சரியாகத் தெரியவில்லை என்று வைண்டிங்கை விட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் ரிப்பேர் மட்டும் பார்க்கிறேன். "கண்ணு தெரிஞ்சப்ப மட்டும் இன்னாத்த பாத்தீங்களாம்" என்று என் சம்சாரம் கேட்கிறாள். நியாயமான கேள்விதான். பட்டறை போர்டில் ஒரு நட்சத்திரமும் ஒரு முக்கோணமும் வரையச் சொல்லியிருந்தேன். ஸ்டார், டெல்டா இரண்டிலும் நான் கெட்டிக்காரன் என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு எந்தக் கட்சி ஆபீஸ் என்று விசாரித்தவர்கள் உண்டு.

புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஷாக் அடிக்காது.

1. ஆறு முனை

கதைக்கு முன் கொஞ்சம் பாடம். த்ரீ பேஸ் மோட்டாருக்குள் மூன்று காயில் இருக்கும். ஒரு காயிலுக்கு இரண்டு முனை. ஆக ஆறு முனைகள் டெர்மினல் பாக்ஸுக்கு வரும். அங்கே பித்தளைத் தகடுகள் இருக்கும். தகடுகளைப் படுக்க வைத்து, மூன்று காயிலின் ஒரு பக்க முனைகளை ஒரே முடிச்சாகச் சேர்த்தால் அது ஸ்டார். தகடுகளை நிற்க வைத்து, ஒரு காயிலின் முடிவை அடுத்த காயிலின் ஆரம்பத்தோடு சேர்த்துக்கொண்டே போனால் முக்கோணமாகிவிடும். அது டெல்டா. மொத்த வித்தியாசமும் தகடு படுத்திருக்கிறதா, நிற்கிறதா என்பதுதான். ஸ்பேனர் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

ஆனால் காயிலுக்கு அது பெரிய வித்தியாசம். லைனில் நானூற்றுப் பதினைந்து வோல்ட் வருகிறது என்று வையுங்கள். டெல்டாவில் ஒவ்வொரு காயிலுக்கும் அந்த நானூற்றுப் பதினைந்தும் முழுசாகக் கிடைக்கும். ஸ்டாரில் இரண்டு காயில் சேர்ந்து அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பங்கு சரிபாதி இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேல், இருநூற்று நாற்பது. எங்கிருந்து வந்தது அந்தக் கொஞ்சம் என்று கேட்டால் வாத்தியார்கள் ரூட் மூன்று என்பார்கள். நான் ஐ.டி.ஐ.யில் மூன்று முறை கேட்டு மூன்று முறையும் தலையாட்டினேன்.

கரண்ட் விஷயம் தலைகீழ். ஸ்டாரில் லைனில் எத்தனை ஆம்பியர் போகிறதோ, காயிலிலும் அத்தனையே போகும், வேறு வழி கிடையாது. டெல்டாவில் லைனில் வருகிற கரண்ட் இரண்டு காயிலுக்குப் பிரியும். லைனில் ஏழரை என்றால் காயிலில் நாலு சொச்சம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

2. ஒன்றரை ஆம்பியர் பெருமை

சில வருஷங்களுக்கு முன், சாமை அறுப்பு முடிந்திருந்த சமயம், கல்வராயன் மலையிலிருந்து ஒரு ஐந்து எச்.பி. மோட்டார் வந்தது. கரியாலூரிலிருந்து இன்னும் உள்ளே போகிற ஓர் ஊர். அங்கே மகளிர் குழுவுக்குச் சாமை உமி நீக்கும் மெஷின் ஒன்று கிடைத்திருந்தது. மெஷினை ஓட்டுகிறவள் அலமேலு. நாற்பது வயது இருக்கும். அவள்தான் மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துக்கொண்டு வந்தாள். டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பீஸ் கம்பி உருகிப் போய், மூன்றுக்குப் பதில் இரண்டு பேஸில் ஓடி எரிந்த மோட்டார் அது. அதில் யார் தப்பும் இல்லை.

ஊரில் மோட்டாரைக் கழற்றிய ஆள் தகடுகளை ஒரு கேரி பையில் தனியாகப் போட்டுக் கொடுத்திருந்தார். முன்பு அது படுத்திருந்ததா, நின்றிருந்ததா என்று நான் அலமேலுவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துக்கொள்வாளே என்று கேட்கவில்லை. மோட்டாரின் மேல், அதன் விவரம் பொறித்த நேம் பிளேட் இருந்தது. அதன்மேல் கிரீஸும் உமித் தூசியும் விரலளவு கெட்டியாக ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துப் பார்த்திருக்கலாம். துடைக்கவில்லை. பழைய காயிலில் எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி என்று மட்டும் ஒழுங்காகக் குறித்து, அதே மாதிரி சுற்றினேன். வேலை முடிந்ததும் மோட்டாருக்குப் பச்சை பெயின்ட் அடித்தேன். வைண்டிங் செய்த மோட்டாருக்குப் பெயின்ட் அடித்துக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். உள்ளே என்ன செய்தோம் என்பது கஸ்டமருக்குத் தெரியாது, வெளியே பளிச்சென்று இருந்தால் திருப்தி. பிளேட்டுக்கும் சேர்த்து அடித்தேன், தூசியின் மேலேயே.

தகட்டை எப்படிப் போடுவது என்ற கேள்வி வந்தது. அலமேலு ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். மெஷினைப் போட்டால் ஊரில் பல்பெல்லாம் மங்குகிறது, திட்டுகிறார்கள் என்று. மலை மேலே, லைன் முடிகிற இடம். வோல்டேஜ் கம்மி. உடனே என் மூளை வேலை செய்தது. ஸ்டாரில் போட்டால் ஸ்டார்ட்டிங் கரண்ட் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கும். பல்பு மங்காது. கம்மி வோல்டேஜுக்கு ஸ்டார்தான் மருந்து. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்த வைத்தியத்தை நானே கண்டுபிடித்து, டீக்கடையில் இரண்டு பேருக்கு விளக்கியும் சொன்னேன்.

தகடுகளைப் படுக்க வைத்து முறுக்கினேன். பட்டறையில் ஓட்டிக் காட்டினேன். பெல்ட் இல்லாத மோட்டார் பூனை மாதிரி ஓடியது. கிளாம்ப் மீட்டரைப் போட்டு அலமேலுவிடம் காட்டினேன். "பாத்தியாம்மா, ஒண்ணரை ஆம்பியர்தான் இழுக்குது. வேற எவனாவது கட்டியிருந்தா மூணு இழுக்கும்." அவள் மீட்டரைப் பார்த்தாள், மோட்டாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மோட்டாரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஸ்டார்ட்டருக்குள் ஓவர்லோட் ரிலே என்று ஒன்று உண்டு. அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக மோட்டாரை நிறுத்திவிடும். அதையும் நானே ஐந்து எச்.பி.க்கு வழக்கமான ஏழரை ஆம்பியரில் வைத்துக் கொடுத்தேன்.

3. குச்சி

ஒரு மாதம் ஆகவில்லை. அதே மோட்டார் திரும்பி வந்தது; ஸ்டார்ட்டர் மலையிலேயே இருந்தது. இந்தமுறை அலமேலுவோடு குழுத் தலைவி ராஜாத்தியும் இன்னும் நாலைந்து பெண்களும் வந்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். மூன்று பேஸ் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தன. பீஸ் போனதில் எரிந்திருந்தால் அப்படி இருக்காது. தாங்க முடியாத பாரத்தில் ஓடி எரிந்த மோட்டார்தான் இப்படிக் கருகும். அதுவரைக்கும் நான் கண்டுபிடித்தது சரி. அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தேன்.

ரிலே விழவில்லையா, தானாக மோட்டாரை நிறுத்தவில்லையா என்று அலமேலுவைக் கேட்டேன். ஒரு தடவைகூட விழவில்லை என்றாள். ஓவர்லோடில் எரிந்திருக்கிறது, ரிலே விழவில்லை. அப்படியானால் ஒன்றுதான் அர்த்தம். அடிக்கடி நிற்கிறதே என்று ஆட்கள் ரிலேவில் தீக்குச்சி சொருகி வைப்பது எனக்குத் தெரியும். நூறு ஸ்டார்ட்டரில் எடுத்திருக்கிறேன்.

"ரிலேல குச்சி சொருகியிருப்பே" என்றேன்.

"நா எதுக்குண்ணா குச்சி சொருகப் போறேன்?"

"எல்லாரும் எதுக்குச் சொருகறாங்களோ அதுக்குத்தான். சாமைய ஜாஸ்தி கொட்டிட்டு, மோட்டாரு நின்னுடக் கூடாதுன்னு குச்சி."

அந்தப் பதிலை நான் மிகவும் ரசித்தேன். பெண்கள் எல்லோரும் அலமேலுவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜாஸ்தி கொட்டவே இல்லை, முன்னைவிடக் கம்மியாகத்தான் கொட்டினேன், கொட்டினால் மெஷின் உட்கார்ந்துபோகிறது என்று அவள் சொன்னாள். அதில்தான் முழு விடையும் இருந்தது. நான் அதைக் காதில் வாங்காமல் கருகிய காயிலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ராஜாத்தி முடிவு சொன்னாள். "மெக்கானிக்கே சொல்றாரு, நீ இல்லங்கற. இன்னோரு வாட்டி எரிஞ்சிதுன்னா மெஷினுக்கு வேற ஆள வெச்சிக்கறோம் அலமேலு. அப்புறம் எங்கள ஒண்ணும் சொல்லக் கூடாது."

அலமேலுவின் நிலைமையைப் பிறகு பெண்கள் பேசிக்கொண்டதில் தெரிந்துகொண்டேன். ஏழெட்டு வருஷம் கேரளாவில் மிளகு எஸ்டேட்டில் வேலை பார்த்தவள். பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, வருஷத்துக்கு ஐந்து மாதம் அங்கே. இந்த மெஷின் வந்த பிறகுதான் அதை நிறுத்தினாள். மெஷின் கைவிட்டுப் போனால் தை மாதம் மறுபடி பஸ் ஏற வேண்டியதுதான். ஊரில் அவளுக்கு வேறு வேலை இல்லை. என் ஒரு தீக்குச்சி அவளை அவ்வளவு தூரம் தள்ளிவிடப் பார்த்தது.

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஒன்றுதான் கேட்டாள். "கட்டி முடிச்சதும் நீங்களே மலைக்கு வந்து ஓட்டிக் காட்டுங்க. நா கைய வெக்கல."

வருகிறேன் என்றேன். வேலை சுத்தம் என்கிற தைரியம். மறுபடி ஸ்டாரில்தான் கட்டினேன்.

4. மோட்டாருக்குக் கிடைத்த இடம்

பஸ்ஸில் கண்டக்டர் மோட்டாரை டிரைவர் பக்கத்தில் ஏற்றிச் சாக்கு போட்டு உட்கார வைத்தார். மலைப்பாதை முழுக்க மோட்டார் உட்கார்ந்து வந்தது, நான் நின்று வந்தேன்.

மெஷின் ஒரு தகர ஷெட்டில் இருந்தது. வெளியே சாமை மூட்டைகள் சுவர் நெடுக அடுக்கியிருந்தன. அறுப்பு முடிந்து இத்தனை நாளாகியும் அரைக்காமல் கிடந்த மூட்டைகள். அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லோரும் அங்கேயே நின்றார்கள். மோட்டாரை மாட்டினேன், பெல்ட்டைப் போட்டேன். அலமேலு ஸ்டார்ட்டரின் மூடியைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். ராஜாத்தியைக் கூப்பிட்டு ரிலேவைக் காட்டினாள். "குச்சி இருக்குதா பாத்துக்கோங்க அக்கா." இல்லை. மூடியை மூடவும் அவள் விடவில்லை.

நான் சுவிட்சைப் போட்டேன். பல்பு மங்கவில்லை. அதைப் பெருமையாகச் சுட்டிக்காட்டினேன். சாமையைக் கொட்டினேன். கொஞ்ச நேரம் ஓடியது. இன்னும் கொஞ்சம் கொட்டினேன். சத்தம் இறங்கியது. பெல்ட் தளர்வாக இருக்கிறது என்றேன். அலமேலு கைகட்டிக்கொண்டு நின்றவள், "இப்பிடித்தாண்ணா மூச்சு வாங்கிக்கினே இருந்திச்சி மாசம் பூரா" என்றாள்.

கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். ஆறே முக்கால். ரிலே ஏழரையில் இருக்கிறது. எல்லாம் நார்மல் என்று அறிவித்தேன். அந்த ஆறே முக்காலைத் தாங்க முடியாத காயிலுக்குள் அது அப்படியே முழுசாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது முப்பது வருஷ அனுபவஸ்தனுக்கு உறைக்கவில்லை. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். காயிலில் பூசிய வார்னிஷ் சூடாகிற வாசனை எனக்கு முன் அவளுக்கு வந்துவிட்டது. கையை வைக்க மாட்டேன் என்று சொன்னவள் தாவி வந்து சுவிட்சை அணைத்தாள். இன்னும் ஐந்து நிமிஷம் ஓடியிருந்தால் மூன்றாவது முறையும் எரிந்திருக்கும், அதுவும் என் கையாலேயே.

ரிலே விழவில்லை. குச்சி இல்லை. ஜாஸ்தி கொட்டியதும் இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மோட்டாரின் சூட்டில் நான் அடித்த பச்சை பெயின்ட் பிளேட்டின் மேல் குமிழி விட்டிருந்தது. அலமேலு குனிந்து பார்த்தாள். மூட்டைக் கட்டு அறுக்க வைத்திருந்த கருக்கருவாள் முனையால் மெதுவாகச் சுரண்டினாள். பெயின்ட்டும் தூசியும் ஒரே பட்டையாக உரிந்து வந்தது. "இங்கிலீஸ்ல இன்னாவோ போட்டிருக்குது. பக்கத்துல மூணு மூலையா ஒரு கோடு இழுத்திருக்குதே, அது இன்னாண்ணா?"

நானூற்றுப் பதினைந்து வோல்ட், பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம். டெல்டா. மோட்டார் செய்தவன் ஆணி அடித்தாற்போல் எழுதி வைத்திருந்தான். அதன்மேல் நான் பெயின்ட் அடித்திருந்தேன்.

அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. காயில் நானூற்றுப் பதினைந்துக்குச் சுற்றப்பட்டது. நான் ஸ்டாரில் போட்டதால் அதற்குக் கிடைத்தது இருநூற்று நாற்பதுகூட இல்லை, மலையில் வருகிற கம்மி வோல்டேஜில் அதிலும் குறைவு. தெம்பு மூன்றில் ஒன்றாகப் போய்விட்டது. பாரம் வந்தால் திணறும், திணறினால் கரண்ட் ஏறும். ஏறுகிற கரண்ட் லைனிலும் காயிலிலும் ஒன்றே. காயில் தாங்குவது நாலு சொச்சம். ரிலே பார்ப்பது லைனை மட்டும். ஏழரை வரும் வரைக்கும் அது வாய் திறக்காது. அலமேலு கம்மியாகக் கொட்டியதால்தான் அந்த மோட்டார் ஒரு மாதமாவது உயிரோடு இருந்திருக்கிறது.

5. லூஸ் கனெக்‌ஷன்

இப்போது ஒன்று சொல்ல வேண்டும், அதுதான் இந்தக் குறிப்பிலேயே எழுதக் கஷ்டமானது. தகடுகளை நிற்க வைத்துவிட்டால் மோட்டார் ஓடிவிடும். ஷெட்டில் இருந்த ஒருவருக்கும் காரணம் தெரியாது. டெர்மினல் பாக்ஸைத் திறந்தேன். ஸ்பேனரை எடுத்தேன். என் வாய் தானாகவே, "லூஸ் கனெக்‌ஷன், வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டது. இவ்வளவு வருஷத்தில் நான் சொன்ன எத்தனை லூஸ் கனெக்‌ஷன் உண்மையான லூஸ் கனெக்‌ஷன் என்று கேட்காதீர்கள்.

ராஜாத்தி உடனே அலமேலு பக்கம் திரும்பினாள். "லூசா இருக்கறதக் கூடப் பாக்க மாட்டியாடி?"

அலமேலு மெஷின் மேல் கிடந்த தன் துண்டை எடுத்து உதறினாள். மடித்தாள். வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். துண்டை எடுத்துக்கொண்டு போன விதத்திலேயே, அவள் மெஷினை விட்டுப் போகிறாள் என்று தெரிந்தது.

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"லூசும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாந்தான் தப்பாக் கட்டிட்டேன். ரெண்டு வாட்டியும் நாந்தான். இந்தம்மா குச்சியும் சொருகல, ஜாஸ்தியும் கொட்டல."

ராஜாத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப அன்னிக்கி கடையில அத்தினி பேரு எதுருல சொன்னீங்களே?"

"தெரியாம சொல்லிட்டேம்மா."

"தெரியாததையா அவ்ளோ சத்தமா சொன்னீங்க?"

தகடுகளைக் கழற்றி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். இப்படிப் படுத்திருந்தது, இப்படி நின்றிருக்க வேண்டும் என்றேன். கூட்டத்தில் ஒருத்தி, "இத்தினியூண்டு தகட்டுக்கா இவ்ளோ பேச்சு" என்றாள். நிற்க வைத்து முறுக்கினேன். மோட்டார் கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்தோம். டீ மட்டும் கொடுத்தார்கள்; அந்த ஊரில் அதை யாருக்கும் மறுப்பதில்லை போலிருக்கிறது.

சுவிட்சைப் போட ராஜாத்தியே வாசலுக்குப் போய் அலமேலுவைக் கூப்பிட்டாள். இரண்டாவது தடவை கூப்பிட்டதும் வந்தாள். போட்டாள். பல்பு நன்றாக மங்கி, மறுபடி வந்தது. மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. அவள் முழுக் கூடையையும் கொட்டினாள். சத்தம் இறங்கவில்லை. மீட்டரில் ஆறரை. ஏறக்குறைய பழைய அதே கணக்குதான். ஆனால் இப்போது அது பிரிந்து போகிறது. காயிலுக்கு நாலுகூட இல்லை. மீட்டர் முள் ஒரே இடத்தைக் காட்டினாலும் உள்ளே நடப்பது வேறு என்பதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பிள்ளைகளே, இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்னவென்றால், மூன்று எச்.பி. வரைக்கும் பெரும்பாலும் ஸ்டார், அதற்கு மேல் பெரும்பாலும் டெல்டா என்று சொல்வார்கள். அந்தப் "பெரும்பாலும்" உங்களைக் காப்பாற்றாது, பிளேட்டைத் துடைத்துப் பாருங்கள். பெயின்ட் அடித்தால் பிளேட்டை விட்டு அடியுங்கள். வெறும் மோட்டாரைச் சுழலவிட்டுக் காட்டும் ஆம்பியரில் ஒன்றும் இல்லை. ஸ்டார் என்பது புறப்படும்போது கொஞ்ச நேரம் இருக்கிற இடம். டெல்டாவுக்குச் சுற்றின மோட்டாரை அங்கேயே உட்கார வைத்து வேலை வாங்கக் கூடாது. கம்மி வோல்டேஜ் இருக்கிற இடத்தில் அதை இன்னும் கம்மியாக்கிக் கொடுப்பது வைத்தியம் இல்லை. இதெல்லாம் எந்த வாத்தியாரும் சொல்வார். நான் சேர்த்துச் சொல்வது ஒன்று. மெஷின் எரிந்து வந்தால், அதை ஓட்டுகிறவர் சொல்வதை முதலில் முழுசாகக் கேளுங்கள். கொட்டினால் உட்கார்ந்துபோகிறது என்று அவள் சொன்னபோதே நான் தகட்டைப் பார்த்திருக்க வேண்டும். அவள் கையைப் பார்த்தேன்.

அன்று மூன்று மூட்டை ஓடி முடிகிறவரை நான் ஷெட்டிலேயே இருந்தேன். உமி ஒரு பக்கம் பறந்தது, அரிசி இன்னொரு பக்கம் விழுந்தது. வரிசையில் யார் முந்தி என்று பெண்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிளம்புமுன் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மெஷின் பக்கத்தில் போய் நின்று, சத்தத்துக்கு மேல் கத்தினேன், எம்மேல கோவமாம்மா என்று.

அலமேலு திரும்பிப் பார்க்கவில்லை.

"கோவம் அப்புறம். சாக்கப் புடிங்க."